அலகு குத்திய கன்னத்தை ஆற்றுவது யார்?

தைப்பூசத்தன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிளேர்வுட் முருகன் கோயிலில் என் பேரன் முதன்முறையாகக் காவடி எடுத்தான். இரு கன்னங்களையும் ஊடுருவி ஒரு சிறு வேல். பூசை முடிந்து அதை உருவியதும் பூசாரி அந்த இடத்தில் விபூதியை வைத்து அழுத்தினார். ஒரு வாரத்தில் கடுகளவு வடுதான் மிச்சம். மூன்று வாரத்தில் அதையும் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. "எப்படித் தாத்தா இவ்வளவு சீக்கிரம் மூடிக்கொண்டது?" என்று கேட்டான். "முருகன் அருள்" என்றாள் அவன் ஆயா. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் டர்பனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த அருள் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதை அவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கன்னத்துப் புண்ணை ஆற்றும் வேலை கன்னத்தில் தொடங்குவதில்லை. இடுப்பெலும்புக்குள் தொடங்குகிறது.

டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு மறுதாம்பு என்றால் என்னவென்று தெரியும். கரும்பைத் தரையோடு வெட்டிவிடுவார்கள். மண்ணுக்குள் இருக்கும் கட்டையிலிருந்து மறுபடி குருத்து கிளம்பும். புதிதாக நடாமலேயே அடுத்த வெட்டுக்குத் தோட்டம் தயாராகிவிடும். நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையிலும் அப்படி ஒரு கட்டை இருக்கிறது. அதற்குத்தான் ரத்தக் குருத்தணு என்று பெயர். ஸ்டெம் செல் என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

ஒப்புமை இதற்கு மேல் நீளாது. கரும்புக் கட்டை சில வெட்டுகளுக்குப் பிறகு களைத்துவிடும், தோண்டிப் போட்டுவிட்டுப் புதிதாக நட வேண்டும். ரத்தக் குருத்தணுக்கள் 80, 90 ஆண்டுகள் தாங்குகின்றன. மேலும் கரும்பிலிருந்து கரும்பு மட்டுமே வரும். ஒரு ரத்தக் குருத்தணுவிலிருந்து ஆக்சிஜன் சுமக்கும் சிவப்பணு வரும், கிருமியோடு போராடும் பலவகை வெள்ளையணுக்கள் வரும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் வரும். இவ்வளவையும் உண்டாக்கிவிட்டுத் தன்னைப் போலவே இன்னொன்றையும் அது மிச்சம் வைத்துக்கொள்ளும். எல்லா வகையையும் ஈன்று தானும் தீராமல் இருப்பது, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் குருத்தணு.

இது வெறும் ஊகமாக இருந்த காலம் ஒன்று உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற இருவர், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது எலிகளின் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் புடைத்திருந்தன. 1961-இல் இதை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகியது என்பதை 1963-இல் மெய்ப்பித்தார்கள். எந்த எலிக்கு எத்தனை முடிச்சு என்று உட்கார்ந்து எண்ணியதிலிருந்துதான் இந்தத் துறையே பிறந்தது. எண்ணிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு இந்தச் செய்தி இன்றைக்கும் மகிழ்ச்சி தருகிறது.

துடிக்கும் குழாயில் ஒரு பிறப்பு

குருத்தணுக்கள் எலும்பில் வசிக்கின்றன என்றதும் எலும்பிலேயே பிறந்தவை என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. கருவில் முதல் ரத்தம் கருவுக்கு வெளியே, மஞ்சட்கருப் பையில், மூன்றாவது வாரத்திலேயே உண்டாகிறது. அவசரத்துக்குச் சமைத்த கஞ்சி போன்றது அது. வளரும் கருவுக்கு உடனே ஆக்சிஜன் வேண்டும், அதற்காக வருகிறது, பெரும்பகுதி மறைந்தும் போகிறது. அந்த முதல் அலையில் பிறந்த சில செல்கள் மட்டும் மூளைக்குள் குடியேறி, அங்கே காவல் செல்களாக ஆயுள் முழுவதும் தங்கிவிடுகின்றன.

ஆயுளுக்கும் ரத்தம் தரப்போகும் உண்மையான குருத்தணுக்கள் ஏறக்குறைய 27-ஆம் நாளில் தோன்றுகின்றன. பல தாய்மார்களுக்கு உண்டாகியிருப்பதே அப்போதுதான் தெரிய வரும். தோன்றும் இடம் பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து புறப்பட்டு முதுகோரமாக இறங்கும் பெரிய ரத்தக்குழாய். அதன் உட்சுவரில் தரையோடு தரையாகப் பதிந்திருக்கும் செல்களில் சில மெல்ல நிமிர்கின்றன, உருண்டு திரள்கின்றன, சுவரை விட்டுவிட்டு ஓடும் ரத்தத்தில் குதிக்கின்றன. குழாயின் சுவராக இருந்தது அதில் ஓடும் ரத்தத்துக்கே தாயாகிவிடுகிறது! 2010-இல் ஆய்வாளர்கள் இதை உயிருள்ள வரிக்குதிரை மீனின் கருவில் நேருக்கு நேராகப் படம்பிடித்தார்கள். ஒளி ஊடுருவும் அந்தச் சின்ன மீனில் செல் வளைந்து கழன்று போவது தெளிவாகத் தெரிந்தது.

இதற்கு ஓராண்டு முன்பு இன்னொன்றும் தெரியவந்திருந்தது. இதயம் துடிக்காத மீன் கருக்களில் இந்தக் குருத்தணுக்கள் சரியாக உருவாவதில்லை. ஓடும் ரத்தம் குழாயின் சுவரை உரசிச் செல்லும் அந்த உராய்வே, 'நீ குருத்தணுவாக மாறு' என்று சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று. ரத்தத்தை இதயம் ஓட்டுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நாளைய ரத்தத்தின் விதையை எழுப்புவதிலும் அந்தத் துடிப்புக்குப் பங்கு உண்டு என்று முதலில் படித்த இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

பிறந்தவை நேரே எலும்புக்குப் போவதில்லை, அப்போது எலும்பே சரியாக உருவாகியிருக்காது. முதலில் கருவின் கல்லீரலில் தங்கிப் பல மடங்காகப் பெருகுகின்றன. சுமார் 11-ஆம் வாரத்திலிருந்து எலும்புக்குள் மஜ்ஜை உருவாகத் தொடங்க, சிறிது சிறிதாக அங்கே குடிபெயர்கின்றன. குழந்தை பிறக்கும்போது மஜ்ஜைதான் ரத்தத்தின் தாய்வீடு. சிறு வயதில் கிட்டத்தட்ட எல்லா எலும்புகளிலும் செம்மஜ்ஜை இருக்கும். வளர வளரக் கைகால்களின் நீண்ட எலும்புகளில் அது கொழுப்பாக மாறிவிடும். பெரியவர்களுக்கு இடுப்பு, மார்பு, விலா, முதுகெலும்பு, மண்டையோடு ஆகியவையே முக்கிய இடங்கள். மஜ்ஜைப் பரிசோதனைக்கு மருத்துவர் இடுப்பெலும்பில் ஊசி போடுவது இதனால்தான்.

உறங்குபவர்களும் உழைப்பவர்களும்

ஒரு பெரியவரின் உடலில் நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் புதிதாக உருவாகின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி. தட்டணுக்கள் இன்னொரு 10,000 கோடி. இவ்வளவுக்கும் மூலமான குருத்தணுக்கள் எத்தனை? 2018-இல் ஒரு மனிதரின் ரத்தத்தில் மரபணு மாற்றங்களைத் தடம்பிடித்துக் கணக்கிட்டபோது 50,000-க்கும் 2 லட்சத்துக்கும் இடைப்பட்ட எண்ணிக்கை கிடைத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டினாலும் ஒரு துளி நீருக்குள் அடங்கிவிடும்.

இத்தனை சொற்பமானவை இவ்வளவு பெரிய உற்பத்தியை எப்படித் தாங்குகின்றன? அவை பெரும்பாலும் உறங்குகின்றன என்பதே பதில். குருத்தணு அடிக்கடி பிரிவதில்லை, மாதக்கணக்கில் சும்மா இருக்கும். எப்போதாவது ஒரு முறை பிரியும்போது பிறக்கும் முன்னோடி அணுக்கள்தான் ஓயாமல் இரட்டிப்பாகிப் பெருகுகின்றன. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் மரபணுவில் எழுத்துப்பிழை நேரலாம். மூலத்தில் நேர்ந்த பிழை எல்லாப் பிரதிகளிலும் ஏறிவிடும். ஆகவே மூலப் பிரதியைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, படியெடுத்த பிரதிகளை வைத்து வேலை நடக்கிறது. அப்படியும் வயதாக ஆக சில பிழைகள் சேரத்தான் செய்கின்றன. முதியோருக்கு ரத்தப் புற்றுநோய் வகைகள் சில கூடுதலாக வருவதற்கு இது ஒரு காரணம்.

அந்தப் பெட்டி என்பது மஜ்ஜைக்குள் இருக்கும் உறைவிடம். அங்கே சுற்றியிருக்கும் ரத்தக்குழாய்ச் செல்களும் பிற செல்களும் 'தங்கு', 'தூங்கு', 'எழுந்திரு' என்று வேதிமொழியில் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தொலைவிலிருந்தும் கட்டளைகள் வரும். ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனை அனுப்பிச் சிவப்பணு கேட்கும். கடலோர டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போய்க் குடியேறியவர்களுக்குச் சிவப்பணு எண்ணிக்கை சற்று உயர்வது அந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருப்பதால்தான்.

புண்ணின் மூன்று காவலர்கள்

வேல் கன்னத்தைத் துளைத்த நொடிக்கு வருவோம். பெரும்பாலான விளக்கங்கள் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. நான் அப்படிச் செய்யப்போவதில்லை.

முதலில் வருபவை தட்டணுக்கள். மஜ்ஜையில் மெகாகாரியோசைட் என்று ஒரு பெரிய செல் உண்டு. மஜ்ஜை பூசிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்ததும் என் கண் முதலில் தேடுவது அதைத்தான். அத்தனை சின்னச் செல்களுக்கு நடுவே ஆலமரம் போல நிற்கும். அது தன் உடலையே இழை இழையாக நீட்டி ஆயிரக்கணக்கான துணுக்குகளாக உதிர்க்கிறது, அந்தத் துணுக்குகள்தான் தட்டணுக்கள். ஆயுள் எட்டு முதல் பத்து நாள். கிழிந்த குழாயில் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. ரத்தத்தை நிறுத்துவதோடு அவற்றின் வேலை முடியவில்லை. தம்முள் சுமந்து வந்த வளர்ச்சிக் காரணிகளை அங்கே கொட்டுகின்றன. பக்கத்துத் தசைக்கும் தோலுக்கும், தொலைவில் சுற்றும் வெள்ளையணுக்களுக்கும் அதுதான் முதல் தண்டோரா.

சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்துவிடும். கிருமியைக் கண்டால் விழுங்கி, அதோடு தாமும் மடியும். சீழ் என்று நாம் முகம் சுளிப்பது பெரும்பாலும் இவற்றின் உடல்கள்தான். தொற்று கடுமையானால் மஜ்ஜைக்கு அவசர ஓலை போகும், முன்னோடி அணுக்கள் உற்பத்தியை முடுக்கிவிடும். இதை நான் எத்தனையோ நோயாளிகளின் ரத்தத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளையணுக்கள் 20,000-ஐத் தாண்டும். இன்னும் முதிராத, உட்கரு வளைந்த நிலையில் இருக்கும் இளம் நியூட்ரோஃபில்களும் ரத்தத்தில் தென்படும். மீசை முளைக்காத பிள்ளைகளையும் போருக்கு அனுப்பிவிட்டது உடல் என்று அப்போது தெரிந்துகொள்வோம்.

இரண்டாம் மூன்றாம் நாளில் வருபவர்தான் ஆற்றும் கைக்காரர். மானோசைட் என்ற வெள்ளையணு ரத்தத்தை விட்டுத் திசுவுக்குள் இறங்கி மேக்ரோஃபேஜ் ஆகிறது. தமிழில் பெருவிழுங்கி என்பார்கள். 1882-இல் இத்தாலியின் மெசினாவில் இலியா மெச்னிகோவ் ஒரு நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் ஊர்ந்து திரியும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. விழுங்கும் செல்களின் கதை அங்கிருந்துதான் தொடங்கியது, 1908-இல் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது. முள்ளுக்குப் பதில் அலகு என்று வைத்துக்கொண்டால் என் பேரன் கன்னத்தில் நடந்ததும் அதுதான்.

பெருவிழுங்கி முதலில் கடுங்கோபத்தோடு வேலை செய்கிறது, கிருமியையும் சிதைவையும் விழுங்குகிறது. மடிந்த நியூட்ரோஃபில்களை உண்டு தீர்த்த பிறகு அதன் குணம் மாறுகிறது. அழற்சியைத் தணிக்கிறது, புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கச் சொல்லும் பொருள்களைச் சுரக்கிறது, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை நெய்யும் நார்ச்செல்களை அழைக்கிறது. 1975-இல் ஓர் ஆய்வில் கினிப் பன்றிகளிடமிருந்து இந்த மானோசைட்களையும் பெருவிழுங்கிகளையும் நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். புண்ணில் குப்பை அகலவில்லை, ஆறுவதும் தாமதமானது.

கன்னத்தில் ரத்த ஓட்டம் மிகுதி. அதனால்தான் அங்கே எல்லாம் விரைவாக நடந்தது. பாதத்தில் அப்படியில்லை. நம் சமூகத்தில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் அரிது, என் வீட்டிலும் இருக்கிறது. சர்க்கரை கூடிய உடலில் பெருவிழுங்கிகள் கோப நிலையிலிருந்து குணம் மாறாமல் தங்கிவிடுகின்றன. நரம்பும் குழாய்களும் பழுதாகியிருக்கும். கால்விரல் நடுவில் ஒரு சிறு வெடிப்பு மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதற்கு இவையெல்லாம் காரணம். தீ மிதிக்க நேர்ந்துகொண்ட சர்க்கரை நோயாளிகளிடம், முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

இனி முக்கியமான இடம். இந்த மூன்று காவலர்களும் ரத்தக் குருத்தணுவின் பிள்ளைகள். ஆனால் புண்ணை மூடிய புதுத் தோல் அதன் பிள்ளை இல்லை. தோலின் அடியடுக்கிலும் மயிர்க்கால்களிலும் தோலுக்கென்றே தனிக் குருத்தணுக்கள் இருக்கின்றன, புதுத் தோல் அவற்றின் வேலை. தசைக்கும் குடலுக்கும் தனித்தனிக் குருத்தணுக்கள் உண்டு. ரத்தக் குருத்தணு அங்கே கல்லாகவோ சுண்ணாம்பாகவோ மாறிச் சுவரில் பதிவதில்லை. இடிபாட்டை அகற்றவும், காவல் காக்கவும், கொத்தனாரைக் கூப்பிடவும் ஆள் அனுப்புகிறது. எலும்பில் மட்டும் ஒருபடி மேலே போகிறது. பழைய எலும்பை அரித்தெடுத்துப் புதியதற்கு இடம் செய்யும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்லும் ரத்தக் குருத்தணுவின் வழித்தோன்றல்தான். அது வேலை செய்யாமல் எலும்பு கல்லாக இறுகிப்போகும் அரிய நோயோடு பிறக்கும் குழந்தைகள் சிலரை மஜ்ஜை மாற்றிக் காப்பாற்ற முடிகிறது.

விலைக்கு வரும் நம்பிக்கை

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மஜ்ஜைக் குருத்தணுக்கள் இதயத் தசையாகவும் மூளைச் செல்லாகவும் மாறுகின்றன என்ற செய்திகள் உலகைச் சுற்றின. 2001-இல் எலியின் இதயத்தைப் பற்றி வந்த ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 2004-இல் இரண்டு குழுக்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தன. இதயத்தில் செலுத்தப்பட்ட செல்கள் ரத்தச் செல்களாகவே இருந்தன, தசையாகவில்லை. இதற்கு முன்பே, 2002-இல், ஒளிரும் அடையாளம் கொண்ட ஒரே ஒரு குருத்தணுவை எலிக்குள் செலுத்திப் பார்த்திருந்தார்கள். எலியின் ரத்தம் நெடுக அதன் வாரிசுகள். பிற உறுப்புகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அறிவியல் தன் தவறைத் திருத்திக்கொண்டது. விளம்பரங்கள் திருத்திக்கொள்ளவில்லை. என் தங்கையின் கணவருக்கு முழங்கால் தேய்மானம். 'உங்கள் சொந்தக் குருத்தணு, பக்கவிளைவே இல்லை' என்று ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் மூன்று ஊசி போட்டார்கள். அதற்காகக் காரை விற்றார். வலி இன்றும் அப்படியே இருக்கிறது. காருக்காக நான் வருந்தவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையை நினைத்தால்தான் நெஞ்சு எரிகிறது. எந்த வகைக் குருத்தணு, என் நோய்க்கு அது பலன் தந்ததாக எந்த முறையான ஆய்வு சொல்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஏனென்றால் ரத்தக் குருத்தணு உண்மையிலேயே உயிர் காக்கும் இடங்கள் இருக்கின்றன. ரத்தப் புற்றுநோய், மஜ்ஜை வறண்டுபோகும் நோய், தலசீமியா, அரிவாள் செல் நோய், பிறவியிலேயே நோயெதிர்ப்பு இல்லாத நிலை என்று மெய்ப்பிக்கப்பட்டவையே பல. நோயுற்ற மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு இன்னொருவரின் குருத்தணுக்களைச் செலுத்துவார்கள். இந்த வழியைத் திறந்த டோனல் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார்.

பெரிய தடை, பொருத்தம். எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம் இருவருக்கும் ஒத்துப்போக வேண்டும். உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. வீட்டில் கிடைக்காவிட்டால் வெளியில் தேட வேண்டும். அந்த அடையாளம் வம்சாவளியோடு வருவது என்பதால், தேடலும் பெரும்பாலும் அதே பூர்வீகத்து மக்களிடையே போய் நிற்கும். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்ததிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள். கப்பல் பட்டியலில் நம் முன்னோரின் ஆர்க்காடு, செங்கல்பட்டு என்ற பெயர்கள் இன்னும் இருக்கின்றன. மொழியைப் பலர் இழந்துவிட்டோம், ஊரின் பெயரை மறந்தோம், ஆனால் எச்.எல்.ஏ. அடையாளம் அந்த மாவட்டங்களை மறக்கவில்லை. கேப்டவுனில் 1991-இலிருந்து இயங்கும் தென்னாப்பிரிக்க மஜ்ஜைக் கொடையாளர் பதிவகமும், சென்னையில் இருக்கும் தாத்ரி போன்ற இந்தியப் பதிவகங்களும் இருப்பதால், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு குழந்தைக்கு வேண்டிய கொடையாளர் வேலூரில் இருக்கலாம், அங்குள்ள ஒருவருக்கு வேண்டியவர் இங்கே டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் இருக்கலாம். நம்மில் பதிவு செய்தவர்கள் குறைவாக இருக்கும் வரை இரு பக்கமும் தேடல் நீளும்.

பதிவு செய்யப் பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள் என்று நினைக்கிறார்கள். முதுகுத்தண்டைத் தொடுவதே இல்லை. பெரும்பாலும் நாலைந்து நாள் ஓர் ஊசி மருந்து கொடுத்துக் குருத்தணுக்களை ரத்தத்துக்கு வரவழைத்து, கையில் ரத்தம் எடுப்பது போலவே சில மணி நேரம் இயந்திரத்தின் வழியாகப் பிரித்தெடுப்பார்கள். எலும்பு வலி சில நாள் இருக்கும். கொடுத்த குருத்தணுக்கள் சில வாரங்களில் மறுபடி பெருகிவிடும்.

வாங்குபவருக்கு அது ஒரு சாதாரண ரத்தப் பையைப் போல ரத்தநாளத்தின் வழியாகத்தான் ஏறும். எலும்புக்குள் யாரும் ஊசி போட்டு வைப்பதில்லை. உடல் முழுக்கச் சுற்றி வந்து, மஜ்ஜை வெளியிடும் வேதிச் சமிக்ஞையைப் பின்தொடர்ந்து, குருத்தணுக்கள் தாமாகவே வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே போய்விடும். கருவில் கல்லீரலிலிருந்து எலும்புக்குப் போன அதே வழக்கம்.

பிறகு காத்திருப்பு. ஒரு சிறுமிக்கு மாற்று சிகிச்சை முடிந்து அவளுடைய ரத்தம் தினமும் காலையில் எங்கள் கூடத்துக்கு வரும். தகட்டின் ஓரத்திலிருந்து ஓரம் வரை தேடுவேன், நியூட்ரோஃபில் ஒன்றுகூட இருக்காது. பூஜ்யம் என்று எழுதி அனுப்புவேன். அவள் அம்மா வார்டு வாசலில் அந்தத் தாளுக்காக நிற்பாள் என்று செவிலியர் சொல்லியிருந்தார். 16-ஆம் நாள் காலை தகட்டின் கடைசி வரிசையில் ஒன்று இருந்தது, மூன்று மடல் உட்கருவோடு, ஊதா நிறத்தில். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் நாலு.